விசாரிக்க வந்தவர்

காலையில் வந்த அந்த அழைப்பு ஹேமாம்புஜத்துக்கு வந்ததே அல்ல. அவள் கணவர் பராங்குசத்தின் கைபேசிக்கு வந்தது. சன்னிதியில் அது கூப்பிட்டுத் தொலைத்தால் மானம் போய்விடும் என்று, கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அவர் அதை அலமாரியில் வைத்துவிட்டுத்தான் போவார்.

"பராங்குசம் ஸ்வாமி இருக்காரா?"

"கோயில்ல பாசுரம் சேவிக்கற கோஷ்டிக்குப் போயிருக்கார். நான் அவர் ஆத்துக்காரிதான். சொல்லுங்கோ."

"அடியேன் திருவள்ளூர்லேர்ந்து பேசறேன். பேர் சௌம்யநாராயணன். உங்க பின் தெரு சம்பூர்ணம் மாமியோட பிள்ளை ராமானுஜ் இருக்கானே, அவனுக்கு எங்க பொண்ணைப் பாத்திருக்கோம். ஜாதகம் பொருந்திடுத்து. பையனைப் பத்தி ரெண்டு வார்த்தை விசாரிச்சுண்டு போகலாம்னு... கோஷ்டியில ஸ்வாமியும் பையனோட தோப்பனாரும் எதிரெதிர் உக்கார்றவான்னு சொன்னா. உங்களுக்குத் தெரியாததா?"

ஹேமாம்புஜம் பக்கத்தில் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியாததா? எல்லாம் தெரியும். மத்யானம் வாங்கோ. தாராளமா விசாரிக்கலாம்."

கைபேசியை வைத்தபோது அலமாரிக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தது. அந்த முகம் சிரித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தை மாதத்தில் அந்த ராமானுஜுக்கும் ஹேமாம்புஜத்தின் ஒரே மகள் ஸுபத்ராவுக்கும் தட்டு மாற்றி நிச்சயம் ஆயிற்று. பங்குனியில் சம்பூர்ணம் அதை முறித்தாள். ஏனாத்தூரில் கல்லூரி ஆசிரியையாக இருக்கும் ஸுபத்ரா, சில வருடங்களுக்கு முன் வகுப்புக்குள் நுழையவே முடியாமல் கை நடுங்கி, மூச்சு முட்டி, மனநல டாக்டரிடம் போய் குணமானவள். நிச்சயத்துக்கு முன்பே அவள் அதை மறைக்காமல் ராமானுஜிடம் சொல்லியிருந்தாள். அவன் சரி என்றான். அவன் தாயார் காதுக்கு விஷயம் எட்டியபோது, அந்தச் 'சரி' அவன் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

முறித்ததோடு சம்பூர்ணம் நின்றிருந்தால் ஹேமாம்புஜம் விட்டிருப்பாள். சித்திரையில் ஒரு சீமந்தம். ஊரே கூடியிருந்த கூடத்தில் ஸுபத்ராவைப் பாடச் சொல்லி முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். சம்பூர்ணம் எழுந்து எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "பிள்ளைத்தாச்சி முன்னாடி அவளை உக்கார வைக்காதேள். மாத்திரை போட்டுண்டு சிரிக்கற பொண்ணு."

ஸுபத்ரா பாடவில்லை. புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு எழுந்து வந்தாள். ஹேமாம்புஜமும் வந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு தலைமுறையாகக் கோயிலில் முதல் வரிசையில் நிற்கும் குடும்பம். வீதியில் வாய் திறந்து பழக்கமில்லை. அன்றிலிருந்து தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறாள். வலது கடைவாய்ப் பல் தேய்ந்துவிட்டது என்று பல் டாக்டர் சொன்னார்.

இன்று அதே குடும்பத்தின் முடிவு தானாக நடந்து தன் வாசலுக்கு வருகிறது.

பெண் கொடுப்பதற்கு முன் மூன்றாவது வீட்டில் போய் விசாரிப்பது அந்தத் தெருக்களின் வழக்கம். அந்த வீட்டில் சொல்வது அந்த வீட்டோடு போகும். யார் சொன்னது என்று எந்தக் காலத்திலும் வெளியே வராது. வெறுமனே உதட்டைப் பிதுக்கினால் போதும், ஒரு கல்யாணம் நின்றுவிடும். பிதுக்கியவர் மறுநாள் அதே வீட்டுக்குப் போய்க் காப்பி குடிக்கலாம்.

ஹேமாம்புஜத்திடம் உதட்டைவிடப் பெரிய ஆயுதம் இருந்தது.

வாசலில் பூக்கூடையோடு கிருஷ்ணம்மாள் வந்து நின்றாள்.

"இன்னா மாமி, மூஞ்சி இன்னிக்குப் பளபளன்னு இருக்குது? பாப்பாவுக்கு இடம் வந்துக்கினு இருக்குதா?"

"பின் தெருப் பிள்ளைக்கு இடம் வந்திருக்கு. விசாரிக்க எங்காத்துக்கு வரா."

கிருஷ்ணம்மாள் முழம் போட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். "ஐய! உங்ககிட்டயா? நல்லா வச்சு செய்யுங்க மாமி!" என்று சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆனா ஒண்ணு. எனக்கு அப்பிடி ஒருத்தி செஞ்சிருந்தா, அன்னிக்கே அவ வூட்டு வாசல்ல நின்னு கேட்டுட்டு, போயி நிம்மதியா துன்னுட்டுத் தூங்கியிருப்பேன். நீங்க இன்னாடான்னா உள்ளயே வச்சுக்கினு இருக்கிறீங்க."

"எங்காத்துல வாசல்ல நின்னு கத்தற வழக்கம் இல்லை, கிருஷ்ணம்மா. மல்லி ரெண்டு முழம் குடு."

ஹேமாம்புஜம் நேராகச் சமையலறைக்குப் போய் ரவையை வறுத்தாள். வருகிறவருக்குக் கேசரி. நல்ல நெய்யில், முந்திரி போட்டு. வார்த்தை கசப்பாக இருக்கப் போகிறது, வாயாவது இனிக்கட்டும்.

பராங்குசம் கோயிலிலிருந்து வந்தபோது வீடெல்லாம் நெய் மணத்தது. விஷயத்தைக் கேட்டு அப்படியே நின்றார்.

"தெரியாதுன்னு சொல்லி அனுப்பிச்சுடு, ஹேமா."

"ஏன்னா, பொய் சொல்லச் சொல்றேளா? இவ்வளவு நாழி பெருமாள் முன்னாடி உக்காந்துட்டு வந்து?"

"பொய் இல்லை. நமக்கு எதுக்கு?"

"நமக்கு எதுக்கா? நம்ம பொண்ணைச் சபையிலேர்ந்து எழுப்பினாளே, அப்பவும் இதைத்தான் சொன்னேள். நீங்க என்ன கல்லா?"

அவர் துண்டை மடித்தார். மடித்ததைப் பிரித்தார். மறுபடி மடித்தார்.

"தினமும் நான் பாசுரத்தை ஆரம்பிக்கறேன். பாதி வரியில நிறுத்தணும். மீதியை எதிர் வரிசை சொல்லணும். எதிர்ல யாரு? அவ ஆத்துக்காரன். என் வாயில பாதி, அவன் வாயில பாதி. ரெண்டு மாசமா இப்படி. போன வாரம் குரலே எழும்பலை. ரத்தக் கொதிப்பு மாத்திரையைக் கூட்டியிருக்கார் டாக்டர். நான் கல்லுன்னு யார் சொன்னா?"

இதை அவர் இதுவரை சொன்னதில்லை. ஆனால் அது ஹேமாம்புஜத்தின் நெருப்பை அணைக்கவில்லை. இவரையும் படுத்தியிருக்கிறாள் சம்பூர்ணம் என்று கணக்கில் இன்னொன்று சேர்ந்தது.

சனிக்கிழமை. கல்லூரி அரை நாள். ஸுபத்ரா பையைக் கழற்றும்போதே மூக்கை உறிஞ்சினாள்.

"கேசரி யாருக்கு?"

"யாரோ வரா."

"நீ 'யாரோ'வுக்கு முந்திரி போட மாட்டே அம்மா."

மறைக்க முடியவில்லை. ஹேமாம்புஜம் சொன்னாள். சொல்லும்போதே குரலில் ஒரு துள்ளல் வந்துவிட்டது.

ஸுபத்ரா சமையல் மேடையில் சாய்ந்து நின்று கேட்டாள். "வரட்டும். என்ன சொல்லப் போறே?"

"உண்மையை. ஒரு வார்த்தை கூட்ட மாட்டேன். பையனுக்கு ராத்திரி தூக்கம் கிடையாது, சென்னையில மனநல டாக்டர்கிட்ட போயிண்டிருக்கான், மாத்திரை சாப்பிடறான். இதுல எது பொய்?"

"எதுவும் பொய் இல்லை. அவன் என்கிட்ட நம்பிச் சொன்னது. அவன் அம்மாவுக்கே தெரியாது. நான் சந்தோஷத்துல உன்கிட்ட சொன்னேன்."

"நம்பிச் சொன்னவன், உன்னைத் தள்ளினப்போ வாயைத் திறந்தானா?"

"திறக்கலை."

"அப்புறம் என்ன தயவு?"

"தயவு இல்லம்மா. நான் சொன்ன அன்னிக்கு நீ என்ன சொன்னே? 'பாவம், நல்ல பிள்ளைடி, மறைக்காம சொல்லியிருக்கான்'னே. அன்னிக்கு நல்ல பிள்ளை. இன்னிக்கு அதே மாத்திரை அசிங்கமாயிடுத்தா?"

"அவ என் பொண்ணுக்குப் பண்ணினதை நான் அவ பிள்ளைக்குப் பண்றேன். சரிக்குச் சரி."

"சரிக்குச் சரி இல்லை." ஸுபத்ரா மேடையை விட்டு நிமிர்ந்து நின்றாள். "மனசுக்கு மருந்து சாப்பிடறவன் கல்யாணத்துக்கு லாயக்கில்லைன்னு நீ உன் வாயால ஒருத்தர்கிட்ட சொல்லப் போறே. அதைத்தானே சம்பூர்ணம் மாமியும் சொன்னா? அவா ஒரு தடவை சொன்னா. ரெண்டாவது தடவை நீ சொல்லப் போறே. என்னைத்தான்மா சொல்லப் போறே."

அடுப்பில் கேசரி அடிப்பிடித்தது. ஹேமாம்புஜம் கரண்டியை எடுக்கவில்லை. ஸுபத்ராதான் அடுப்பை அணைத்தாள்.

"உனக்குக் கோபமே வரலையாடி?"

"வரலையா? பஸ்லேர்ந்து இறங்கி அவா ஆத்து வழியா வந்தா ரெண்டு நிமிஷம். நான் தெருவைச் சுத்திண்டு வரேன். ஏன் தெரியுமா? அவா வாசல் கோலத்தைக் காலால தேய்ச்சு அழிக்கணும்னு தோணும். நிஜமா தோணும். தோணறதுல தப்பில்லைன்னார் டாக்டர். கோபத்தைக் கோபம்னே சொல்லு, நியாயம்னு வேஷம் போட்டு விடாதே, யார்மேல கோபமோ அவாகிட்டயே சொல்லு, வேற வாசல்ல கொட்டாதேன்னார்."

"நீ சொன்னியா?"

ஸுபத்ரா தலையைக் குனிந்துகொண்டாள். "ராமானுஜ்கிட்ட சொல்லணும். இன்னும் தைரியம் வரலை. சுத்திண்டு நடந்துண்டுதான் இருக்கேன்."

மூன்று மணி சுமாருக்கு வந்த சௌம்யநாராயணன், குரலில் இருந்ததைவிட வயதானவராக இருந்தார். ஆனி வெயிலில் நடந்து வந்த களைப்பு. ஆப்பிள் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டார். பராங்குசம் எதிரே உட்கார்ந்தார். ஸுபத்ரா உள்ளே போகவில்லை. ஜன்னலோரம் விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்துவிட்டாள்.

"பொண்ணு எங்களுக்கு ஒருத்திதான். அதனாலதான் அலையறேன். பையன் எப்படி மாமி? பழக்க வழக்கம்? உடம்பு கிடம்பு?"

உடம்பு என்றார். கேள்வியே தட்டில் வைத்து நீட்டியது போல் இருந்தது. ஹேமாம்புஜத்தின் வலது தாடை இறுகியது. ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்லிவிட்டால் அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் தாயார் சன்னிதியில் சம்பூர்ணம் யார் முகத்தையும் பார்க்க முடியாது. வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதன் ருசிகூடத் தெரிந்தது.

ஜன்னலோரத்தில் தாள் புரளும் சத்தம் நின்றிருந்தது.

"நீங்க தப்பான ஆத்துக்கு வந்துட்டேள்," என்றாள் ஹேமாம்புஜம்.

"என்ன?"

"அந்தப் பையனுக்கு எங்க பொண்ணைத்தான் நிச்சயம் பண்ணியிருந்தோம். இதோ உக்காந்திருக்காளே, இவளைத்தான். முறிஞ்சுடுத்து. எனக்கு அவாமேல கோபம் இருக்கு. சின்னக் கோபம் இல்லை. அதனால அவாளைப் பத்தி நான் நல்லது சொன்னாலும் நம்பாதேள், கெட்டது சொன்னாலும் நம்பாதேள்."

அவர் முகம் வெளுத்தது. பராங்குசம் தலையை நிமிர்த்தி மனைவியைப் பார்த்தார்.

"ஏன் முறிஞ்சதுன்னு... கேக்கலாமா?"

"கேளுங்கோ. ஒளிக்க ஒண்ணும் இல்லை. எங்க பொண்ணு ஒரு சமயம் மனசு சரியில்லாம வைத்தியம் பாத்துண்டா. தேறி, இப்போ நூறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கறா. அதை அவா அவமானம்னா. நாங்க இல்லைங்கறோம். அவ்வளவுதான் சண்டை."

வருடக்கணக்காகப் பூட்டி வைத்த விஷயம். முதன்முதலாக அந்தக் கூடத்தில், ஒரு வெளியாள் முன்னால், தன் வாயாலேயே சொன்னாள். கூரை இடிந்து விழவில்லை.

"பையனைப் பத்தித் தெரியணும்னா பையன்கிட்டயே கேளுங்கோ. தனியா கேளுங்கோ. அவன் அம்மா பக்கத்துல இல்லாம."

சௌம்யநாராயணன் பராங்குசத்தைப் பார்த்தார். "ஸ்வாமி என்ன சொல்றேள்?"

"அவ சொன்னதுதான்." அவர் குரல் கோஷ்டியில் எடுப்பது போல் கணீரென்று இருந்தது.

"பெருமாளைச் சேவிச்சுட்டு முடிவு பண்றேன்," என்று சௌம்யநாராயணன் எழுந்தார். கேசரியைத் தொடவில்லை. ஆப்பிள் பையை ஸுபத்ராவின் கையில் கொடுத்துவிட்டு, என்னவோ சொல்ல வந்து, சொல்லாமல் போனார்.

ஸுபத்ரா அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்தாள்.

"போறும், போறும். நான் ஒண்ணும் சாதுவாயிடலை," என்று ஹேமாம்புஜம் அவளை விலக்கினாள். "அவளை விட மாட்டேன். என்னமோ சொன்னியே, யார்மேல கோபமோ அவாகிட்டயேன்னு? வரேன்."

"அம்மா, கத்தாதே!"

"நான் எப்போடி கத்தியிருக்கேன்?"

முகம் கழுவி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, பெட்டியில் இருந்த நல்ல பட்டுப்புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். சண்டைக்குப் போனாலும் அவர்கள் வீட்டுப் பெண் கசங்கிய புடவையோடு போகக் கூடாது. நிழல் நீண்டுவிட்ட தெருவில், முதுகு வளையாமல் நடந்தாள். பார்த்தவர்கள் ஏதோ கல்யாணத்துக்குப் போகிறாள் என்று நினைத்தார்கள்.

வாசலுக்கு வந்த சம்பூர்ணம் திகைத்தாள்.

"நீயா? என்ன ஹேமா, திடீர்னு? உள்ள..."

"உள்ள வரலை. நின்னுண்டே சொல்றேன். சீமந்தத்துல நாலு பேர் நடுவுல நீ என் பொண்ணைச் சொன்னது என்னை அறுத்துண்டிருக்கு. எனக்குத் தூக்கம் போச்சு. என் ஆத்துக்காரருக்குக் குரல் போச்சு. உன் குடும்பம் நன்னாயிருக்கக் கூடாதுன்னு தினமும் நினைச்சேன். பெருமாளைச் சேவிக்கும்போதும் நினைச்சேன்."

"ஏதோ வாய்தவறி..."

"வாய்தவறலை. எழுந்து நின்னு சொன்னே."

சம்பூர்ணத்தின் முகம் சிவந்தது. "என் பிள்ளைக்கு நல்லது பாக்கற உரிமை எனக்கு இல்லையா? யார் பொண்ணா இருந்தாலும் நான் அதைத்தான் செஞ்சிருப்பேன். இதைச் சொல்லவா பட்டுப் புடவையைக் கட்டிண்டு வந்தே?"

"சம்பந்தம் வேண்டாம்னது உன் உரிமை. சபையில கேவலப்படுத்தினது உன் உரிமை இல்லை. இன்னொண்ணும் கேட்டுக்கோ. திருவள்ளூர்க்காரர் இன்னிக்கு உன் பிள்ளையை விசாரிக்க எங்காத்துக்குத்தான் வந்தார்."

சிவந்த முகம் ஒரு நொடியில் வெளிறியது. சம்பூர்ணம் கதவைப் பிடித்துக்கொண்டாள். ஹேமாம்புஜம் அதைப் பார்த்தாள். கண் கொட்டாமல், ஆசை தீரப் பார்த்தாள்.

உள்ளேயிருந்து ராமானுஜ் ஓடி வந்தான். சட்டைப் பொத்தான் கூடச் சரியாகப் போடவில்லை.

"மாமி! அவர்கிட்ட சொல்லிட்டேளா? மாத்திரை விஷயத்தை... ஸுபத்ரா சொல்லியிருப்பான்னு தெரியும்... சொல்லிட்டேளா மாமி?"

"எந்த மாத்திரை?" என்றாள் சம்பூர்ணம்.

அவன் அம்மாவைப் பார்த்தான். தான் என்ன செய்துவிட்டோம் என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

"ராமானுஜ், எந்த மாத்திரைடா?"

"தூக்கத்துக்கு. அப்புறம்... மனசுக்கு. ஒரு வருஷமா டாக்டர்கிட்ட போயிண்டிருக்கேன். உன்கிட்ட எப்படிம்மா சொல்றது? நீ அவளைச் சொன்னதைக் கேட்டதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

சம்பூர்ணம் நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நிமிர்ந்தபோது அவள் கண்கள் மகனைப் பார்க்கவில்லை, ஹேமாம்புஜத்தைப் பார்த்தன.

"உனக்குத் தெரியுமா?"

"நிச்சயம் ஆன நாள்லேர்ந்து தெரியும்."

"அவர்கிட்ட..."

"சொல்லலை."

"யார்கிட்டயும் சொல்லிடாதே ஹேமா. உன் காலைப் பிடிச்சுக்கறேன்."

இரண்டு மாதமாக அவள் கேட்க விரும்பிய குரல் இதுதான். வந்துவிட்டது. இனித்தது, பொய் சொல்லி என்ன. ஆனால் அந்த இனிப்பைத் தாண்டி, பொத்தான் மாறிப் போட்ட சட்டையோடு சுவரைப் பார்த்து நின்ற பையனும் கண்ணில் பட்டான். ஸுபத்ராவும் ஒரு காலத்தில் இப்படித்தான் வகுப்பறை வாசலில் நின்றாள்.

"காலை விடு. உன் பிள்ளை விஷயம் என் வாயால வராது. நீ கேட்டாலும் வராது, கேக்காட்டாலும் வராது. அது வேற. ஆனா சீமந்தத்துல யார் யார் முன்னாடி சொன்னியோ, அத்தனை பேர் முன்னாடியும் நீ எழுந்து நின்னு, சொன்னது தப்புன்னு சொல்லணும். அது வரைக்கும் உன் ஆத்துத் தீர்த்தம்கூட எனக்கு வேண்டாம்."

"அத்தனை பேர் முன்னாடியுமா?"

"ஆமா. என் பொண்ணும் இருப்பா. முன்வரிசையில."

சம்பூர்ணம் வாயைத் திறந்தாள். அதற்குள் வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றும் சத்தம். நெற்றியில் புதுத் திருமண், கையில் துளசி. சௌம்யநாராயணன்.

அங்கே ஹேமாம்புஜத்தைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கினார். பிறகு நேராக ராமானுஜைப் பார்த்தார்.

"தம்பி, உங்ககிட்ட தனியா ஒண்ணு கேக்கணும். வெளியில நடந்துண்டே பேசலாமா?"

சம்பூர்ணம் அவசரமாக எழுந்தாள். "உள்ள வாங்கோளேன், காப்பி சாப்பிட்டுண்டே..." மகனின் கையைப் பிடித்து, பல்லிடுக்கில், "ஒண்ணும் சொல்லிடாதேடா," என்றாள்.

ராமானுஜ் அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டான். படியிறங்கியவன் ஹேமாம்புஜத்தின் முன்னால் நின்றான்.

"மாமி, ஸுபத்ரா ஆத்துல இருக்காளா?"

"இருக்கா."

"இவர்கிட்ட பேசிட்டு நான் அங்கதான் வருவேன்னு சொல்லுங்கோ. கதவைத் திறக்கறதும் திறக்காததும் அவ இஷ்டம்."

இருவரும் கோயில் மதில் பக்கம் நடந்தார்கள். வீதியில் விளக்கு போட ஆரம்பித்திருந்தார்கள். ஒருவருக்கொருவர் முகம் கொடுக்காத இரண்டு தாய்மார்களும், அவர்கள் திருப்பத்தில் மறையும் வரை ஒரே வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.